முன்னால் போனவர் சொல்லி அனுப்பியது

முர்டினா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். ஊரில் வளர்ந்த பிள்ளைகளில் அவள் கையால் சூப் குடிக்காதவர்கள் இல்லை. அவளும் அவள் கணவன் லாக்லனும் ஒவ்வொரு அக்டோபரிலும், கலைமான்கள் உறுமத் தொடங்கியதும், ஐந்து சகோதரிகள் என்ற மலையின் முகட்டின்மேல் ஒருநாள் முழுக்க நடப்பார்கள்.

சேர்ந்து நடப்பார்கள் என்று சொல்வது பொய். லாக்லனுக்கு நிற்கத் தெரியாது. விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். எதிரே யாராவது வந்தால் அவர்களிடம் சொல்லி அனுப்புவார்: "பின்னாடி என் பொண்டாட்டி வருவா. மேல காத்து பலமா இருக்கு, கோட்டை மாட்டிக்கச் சொல்லுங்க." இப்படித்தான் முன்பின் தெரியாதவர்கள் வாய்வழியாக அவர்களுடைய குடித்தனம் மலையில் நடந்தது.

ஒரு மார்ச் மாதம் அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். அதன்பின் முர்டினா மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மூன்றாம் வருடம் அவருடைய தம்பி ஹெக்டர், தபால் வண்டி ஓட்டுகிறவன், வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, கிளம்புங்க. இப்படியே உக்காந்திருந்தா உருளைக்கிழங்குக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது."

"உன் தொப்பையைத் தூக்கிட்டு நீ முதல்ல ஏறு, பார்ப்போம்."

அன்று வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. பெரணிச் செடிகள் துருநிறமாகிச் சரிவெங்கும் கிடந்தன. முகட்டை எட்டியபோது ஒரு பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. மறுபக்கம் கடலில் தீவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கீழே எங்கோ கலைமான் உறுமியது. முர்டினாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

இரண்டாவது சிகரம் தாண்டியதும் எதிரே கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண் முர்டினாவைப் பார்த்ததும் நின்றாள்.

"நல்லவேளை, பார்த்துட்டோம். முன்னாடி போற பெரியவர் சொல்லச் சொன்னார். பின்னாடி அவர் சம்சாரம் வர்றாங்களாம். பாறை வர்ற இடத்துல இடப்பக்கமா வரணுமாம். வலப்பக்கம் கல்லு ஆடுதாம்."

ஹெக்டர்தான் நன்றி சொன்னான். அவர்கள் போனபின், "வேற யாரோ கிழவன், அண்ணி. நமக்குப் பின்னாடி அவன் பொண்டாட்டி வருவா" என்றான். ஆனால் அவன் குரல் இறங்கிவிட்டது.

முன்னால் முகடு நெடுகத் தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை.

பாறை வந்தது. முர்டினா நேராக வலப்பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, எங்க போறீங்க?"

"முப்பது வருஷம் அவர் சொன்ன பக்கமே போயாச்சு. போதும்."

ஹெக்டர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, கைத்தடியை நீட்டி முதல் கல்லை அழுத்தினான். அது கழன்று உருண்டது. விழுந்த சத்தம் பனிக்குள்ளிருந்து வெகுநேரம் வரவில்லை.

இருவரும் இடப்பக்கமாகச் சுற்றி உச்சிக்கு ஏறினார்கள். அங்கே உட்கார்ந்ததும் முர்டினா சொன்னாள்: "பின்னாடி வர்ற அந்தக் கிழவனோட பொண்டாட்டி வரட்டும். அவகிட்டயும் கல்லைப் பத்திச் சொல்லணும்."

பிளாஸ்கில் இருந்த தேநீர் தீர்ந்தது. ஓட்ஸ் ரொட்டியும் சீஸும் தீர்ந்தன. வந்த வழியில் ஆளரவமே இல்லை.

"இந்தச் சகோதரிங்க மாப்பிள்ளைகளுக்காகக் காத்திருந்துதான் மலையாப் போனாங்களாம்," என்றான் ஹெக்டர். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நாமளும்..."

முர்டினா வந்த வழியைப் பார்க்கவில்லை. போகவேண்டிய வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீவுகள்மேல் வெயில் பொன்னாக இறங்கியிருந்தது. அப்படியொரு மாலையை அந்த முகட்டில் தான் பார்த்ததே இல்லை என்கிறான் ஹெக்டர்.

"செத்த பிறகாவது நிப்பார்னு நெனச்சேன்டா," என்றாள் அவள். எழுந்து, கீழே இறங்கும்வரை அவனுக்கு முன்னாலேயே நடந்தாள்.

இதெல்லாம் ஹெக்டர் என் கடைக்குத் தபால் மூட்டையோடு வந்தபோது சொன்னது. முர்டினாவிடம் கேட்டேன். "நல்ல நாளு. கால்தான் ரெண்டு நாள் வலிச்சுது," என்றாள்.

அடுத்த ஞாயிறு, ஏரிக்கு அக்கரையில் லாக்லன் ஒருநாளும் ஏறியிராத ஒரு குன்றுக்குப் போகலாம் என்று அவளே ஹெக்டரைக் கூப்பிட்டாள். நாள் முழுக்க மழை. கோட்டின் தலைமறைப்பை அவள் போட்டுக்கொள்ளவே இல்லையாம். காது மறைந்தால் எதிரே வருகிறவர்கள் சொல்வது கேட்காது என்றாளாம். எதிரே யாரும் வரவில்லை.