அண்ணன் வெட்டாமல் விட்ட கிளை

என் அண்ணன் மாடிக்குப் போனது சண்டை போடத்தான், பூவைப் பார்க்க அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது அவரைக் கேட்டால், சின்ன வயதிலிருந்தே பூ என்றால் தனக்கு உயிர் என்று வாய் கூசாமல் சொல்கிறார்.

அண்ணன் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரு நீளக் கண்ணாடி, முப்பத்தொரு வருடத் தொழில். பக்கத்திலேயே தங்கச்சி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எங்கள் இருவர் தலைக்கும் மேலே மாடியில் ஒரு பெரிய அறை இருக்கிறது. முன்பு அங்கே நடனம் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் அங்கேயும் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்த அறையை ஒரு பூ கிளப்காரர்கள் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இகெபானா என்று ஜப்பான்காரர்கள் பூ அடுக்குகிற கலை இருக்கிறதே, அதைக் கற்றுக்கொள்கிற கூட்டம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலை. தபால்காரர் முகம் நிறைய நுரையோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குக் கத்தி வருகிற நேரம். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. அடுத்தது நெற்றியில். மூன்றாவது, 'என்னது' என்று கேட்கத் திறந்த வாய்க்குள்ளேயே போய்விட்டது.

"மேல என்ன, ஆறா ஓடுது?" என்று கத்திக்கொண்டே அண்ணன் கத்தியும் கையுமாக மாடிப்படி ஏறினார். கொலை விழுந்துவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே ஒன்பது பேர், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு வாளியைக் காலால் தட்டிவிட்டிருந்தார்கள். வாசலில் சவரக் கத்தியோடு ஓர் ஆள் நிற்பதைப் பார்த்ததும் அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். டீச்சர் மட்டும் எழுந்து வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், மற்ற நாட்களில் பல் செட்டு செய்கிற வேலை. அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவே இல்லை, கத்தியைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு கூர்மையா வெச்சிருக்கீங்க! இந்தக் காம்பைக் கொஞ்சம் வெட்டித் தர்றீங்களா? எங்க கத்தரி எல்லாம் நசுக்குது."

என் அண்ணனை ஊரே திட்டலாம், அவருக்கு உறைக்காது. ஆனால் அவர் கத்தியைப் புகழ்ந்தால் ஆள் அங்கேயே உருகிவிடுவார். ஒரு காம்பை வெட்டினார்.

"அப்படி இல்லைங்க, தண்ணிக்குள்ள வெச்சு வெட்டணும். அப்பதான் காம்புக்குள்ள காத்து ஏறாது. பூ ரொம்ப நாள் நிக்கும்."

"அப்படியா?" என்று அண்ணன் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று இருமினேன், கனைத்தேன், கையை ஆட்டினேன். அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தபால்காரரே ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் காய்ந்த நுரை என்று மாடியேறி வந்து, "அண்ணே, நான் தபால் கொடுக்கப் போகணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அண்ணன் கிளப்பில் உறுப்பினர். அந்த இரண்டு மணி நேரம் சலூன் வாசலில் ஒரு பலகை தொங்கும்: 'மாடியில் இருக்கிறேன்'.

அந்தக் கலை பார்க்கத்தான் எளிது. அகலமான தட்டில் தண்ணீர். அதற்குள் கனமான ஒரு சின்னக் கட்டை, மேலெல்லாம் ஆணி நுனிகள். அண்ணன் அதற்குச் 'சீப்பு' என்று பெயர் வைத்தார், இப்போது கிளப்பே அப்படித்தான் சொல்கிறது. அந்தச் சீப்பில் மூன்று கிளைகளைக் குத்த வேண்டும். ஒன்று நெட்டை, ஒன்று நடுத்தரம், ஒன்று குட்டை. மூன்றும் ஒரு பக்கமாகச் சாய வேண்டும், மறுபக்கம் காலியாகவே இருக்க வேண்டும்.

இங்கேதான் அண்ணனுக்குச் சனி பிடித்தது. இத்தனை வருடமாக இரண்டு பக்கமும் சமமாக வெட்டியே பழகிய கை அது. முதல் நாள் ஒரு நல்ல கிளையைக் கொடுத்தார்கள். வலப்பக்கம் நீளமாகத் தெரிகிறதே என்று கொஞ்சம் எடுத்தார். இப்போது இடப்பக்கம் நீளம். அங்கேயும் எடுத்தார். திரும்ப வலது, திரும்ப இடது. டீச்சர் வந்து பார்த்தபோது தட்டில் என் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குச்சி நின்றது.

"இது என்ன செடி?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

அன்றைக்கு வைத்த பெயர்தான் 'மொட்டை'. தலை நிறைய முடி வைத்திருக்கிற என் அண்ணனை இன்றைக்கும் கிளப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருடம் அவர் கை பட்ட கிளை ஒன்றுகூட முழுசாகத் தப்பவில்லை.

ஆனால் பேச்சு இருக்கிறதே! முடி வெட்ட வருகிறவர்களுக்குத் தப்பிக்க வழி கிடையாது. கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு ஆரம்பித்துவிடுவார். காம்பைத் தண்ணீருக்குள் வெட்டணும், இலையைக் கழிக்கணும், காலியிடத்தில் கை வைக்கக் கூடாது. கண்ணாடி முன்னால் எப்போதும் ஒரு தட்டு இருக்கும். பெஞ்சில் காத்திருக்கிற பஸ் டிரைவர் தொடங்கி பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வரை ஆளுக்கொரு குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படிச் சாய்ச்சா சரியா அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணி மட்டும்தான், "குளிக்கிற பக்கெட்டுல எல்லாம் கிளையைப் போட்டு வெச்சா நாங்க எதுல குளிக்கிறது?" என்று சத்தம் போடுவாள்.

இதெல்லாம் டீச்சர் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் என் கடைக்கு ஒரு நோட்டீஸோடு வந்தாள். 'புதியவர்களுக்கு இகெபானா வகுப்பு. செவ்வாய்க்கிழமை தோறும். நடத்துபவர்:' என்று போட்டு, அதற்குப் பிறகு காலியாக விட்டிருந்தது.

"ரெண்டு பேரை மனசுல வெச்சிருக்கேன். ஒருத்தர் பேங்க் ஆபீசர், அவர் எல்லாத்தையும் சுத்தமா செய்வார். இன்னொருத்தர் உங்க அண்ணன். அடுத்த மாசம் கண்காட்சி வருது. அதுல ஒரே ஒரு கிளையை அவர் மொட்டையடிக்காம வெச்சுட்டார்னா, அவர் பேரையே போட்டுடுங்க."

நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எட்டாவதுல ஃபெயிலாக்கி அனுப்பிட்டாங்க. வாத்தியார் நிக்கிற பக்கம் நான் ஒரு நாள்கூட நின்னதில்லை" என்றார். பிறகு, "எனக்கு இது வேணும்டி. ரொம்ப வேணும்" என்றார்.

அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கண்காட்சி அந்த மாடி அறையிலேதான். கண்ணாடிச் சுவரை ஒட்டி வரிசையாக மேஜைகள், ஆளுக்கு ஒன்று. பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். அண்ணன் எட்டு மணிக்கே வந்துவிட்டார். நான் காவலுக்கு. கடைசிக் காம்பை வெட்டியதும் கத்தரியைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

என்ன சொல்ல! வெள்ளைப் பூ பூத்த ஒரு நீளக் கிளை, தட்டை விட்டு வெளியே வந்து, ஒரு முழம் காற்றில் போய், நுனியில் லேசாக நிமிர்ந்து நின்றது. அதன் பக்கத்தில் ஒன்று பாதி உயரம். கீழே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஒரே ஒரு சிவப்புப் பூ. அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்த நான் கத்தியே விட்டேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் விரல்கள் மட்டும் வெறும் காற்றைக் கத்தரித்துக்கொண்டே இருந்தன.

"அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமோ?"

"கையைப் பின்னாடி கட்டுண்ணே!"

அப்போது டீச்சர் மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் மேஜைக்கு வந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "இது... முதுகு இல்லையா?" என்றாள்.

அப்போதுதான் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து நேராகத் தட்டைப் பார்த்தேன். பகீரென்றது. சிவப்புப் பூ, சோறு வேண்டாம் என்கிற குழந்தை மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தெரிந்ததெல்லாம் காம்பின் அடியும் ஆணிக்கட்டையும்தான். முப்பத்தொரு வருடமாகத் தலைக்குப் பின்னால் நின்று, முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே வேலை செய்த மனிதர். பூவையும் அப்படியே உட்கார வைத்துவிட்டார். சலூனில் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தே உட்கார்ந்திருப்பதால் இத்தனை நாளும் அங்கே ஒருவருக்கும் இது தெரியவில்லை. கிளப்பில் அவர் வைத்ததெல்லாம் மொட்டைக் குச்சி, அதில் முன்பக்கம் எது, முதுகு எது?

பத்து மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. தட்டைத் திருப்பினால் அந்த நீளக் கிளை நேராகப் பேங்க் ஆபீசரின் பூக்களுக்குள் போய்க் குத்தும். அவர் ஏற்கெனவே இரண்டு கையையும் விரித்துத் தன் தட்டைக் காத்துக்கொண்டு நின்றார்.

"கத்தரியைக் கொடு" என்றார் அண்ணன். "ஒரு சாண் எடுத்தா திருப்பிடலாம்."

"மாட்டேன்."

"கொடுடி!"

நான் ஓடினேன். ஐம்பது வயதில் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேஜைகளைச் சுற்றி ஓடினேன். அண்ணன் துரத்தினார். வாளிகள் ஆடின. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், அண்ணன் நடு அறையில் நின்று கண்ணாடிக்குள் தன் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

போச்சு, மனசு விட்டுப்போச்சு என்று நினைத்தேன். கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் உள்ளே வர, அவர்களோடு அண்ணனும் வந்தார், தலைக்கு மேலே ஒரு நாற்காலி, தோளில் சலூனின் வெள்ளைத் துணி. நாற்காலியை மேஜைக்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடியைப் பார்க்கப் போட்டார். முதலில் அகப்பட்டவர் தபால்காரர். அவரை உட்கார வைத்து, துணியை ஓர் உதறு உதறிக் கழுத்தில் கட்டி, தலையை இரண்டு விரலால் லேசாகத் திருப்பினார்.

"நேரா கண்ணாடியைப் பாருங்க. எப்படி இருக்கு? போதுமா, இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?"

தபால்காரர் வெகுநேரம் பார்த்தார். "எடுத்துடாதீங்கண்ணே. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அவ்வளவுதான், நாற்காலிக்கு வரிசை படிக்கட்டு வரை நீண்டது. துணி கட்டாமல் விட்டால் சண்டைக்கு வந்தார்கள். பேங்க் ஆபீசர்கூடத் தன் தட்டை விட்டுவிட்டு வரிசையில் நின்றார். கடைசியாக டீச்சர் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் துணியை இரண்டு தடவை உதறிக் கட்டினார்.

"கிளை ரொம்ப நீளமா இருக்கு" என்றாள்.

"ஆமா டீச்சர்."

"வெட்டணும்னு தோணலையா?"

"உசுரே போகுது டீச்சர். ஆனா வெட்ட மாட்டேன்."

அவள் கண்ணாடிக்குள் அவரையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த நோட்டீஸை இன்னிக்கே போட்டுடலாமா?" என்றாள்.

நான் படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். என் அண்ணன் பெயரை எவ்வளவு பெரிதாகப் போட முடியுமோ அவ்வளவு பெரிதாகப் போட்டேன். வகுப்பு நேரத்துக்குக் கூட இடமில்லை, அதை ஓரத்தில் பேனாவால் எழுதினேன். நூறு பிரதி போதும் என்றிருந்தாள். முந்நூறு எடுத்தேன். மெஷின் மேல் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதேன், சிரிப்பும் வந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டு, வாத்தியார் நிற்கிற பக்கம் போய் நின்றார். ஐந்து நிமிடம் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை. முன் வரிசையில் இருந்த நான் சிரித்த சிரிப்பில் என் கால் பட்டு வாளி கவிழ்ந்தது.

மறுநாள் காலை சலூனைத் திறந்தால் நாற்காலி தொப்பலாக நனைந்திருந்தது. அண்ணன் கோபமாகக் கூரையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அந்த ஈர நாற்காலியிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இப்போ யார்கிட்ட போய் நான் சண்டை போடறது?"