சாதா கட்டி

"சாதா கட்டிதான்யா. பயப்படாத, அந்த வியாதி இல்ல"ன்னு பச்சையம்மாள் சொன்னதும் வேடியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பொண்டாட்டி வேற எதைச் சொல்லியிருந்தாலும் மனுசன் தாங்கியிருப்பார்.

ஏன்னா இதே பேச்சை, ஒரு எழுத்து மாறாம, அவரே பேசியிருக்கார். அண்ணன் பரசுராமனுக்கு வயித்துல புத்துநோய்னு தெரிஞ்சப்போ, நோயாளிகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு வீடே கூடிப் பேசி முடிவு பண்ணுச்சு. "சாதா கட்டிதாண்ணா"ன்னு மலையைக் காட்டி சத்தியம் பண்ணது இவர்தான். அண்ணன் நம்பினார். அந்த வருச கார்த்திகை தீபத்துக்கு அண்ணன் உயிரோட இல்ல.

வேடியப்பன் திருவண்ணாமலையில ஆட்டோ ஓட்டறவர், வீடு வேங்கிக்கால். ரெண்டு வருசமா இருமல். கிரிவலக் கூட்டத்துத் தூசி, வண்டிப் புகைன்னு மெடிக்கல் ஷாப் சிரப்புலயே ஒப்பேத்திட்டிருந்தார். சளிக்காய்ச்சல் வரும், போகும், மறுபடி அதே வலப்பக்கத்து நுரையீரல்லயே வரும். கடைசியில கேமரா வெச்ச குழாயை மூச்சுக்குழாய்க்குள்ள விட்டுப் பார்த்தாங்க. உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. துணுக்கு கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. இவர் சவாரியில இருந்ததால ரிசல்ட் கேட்டுட்டு வந்தது பச்சையம்மாள்; சாதா கட்டி, ஆனா ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னாராம் டாக்டர்.

சந்தோசத்துல அந்தம்மா அன்னைக்கே மட்டன் குழம்பு வெச்சது. கெட்டுது போ! ஒரு விசேஷமும் இல்லாத நாள்ல கறிச்சோறா? அண்ணனுக்கும் கடைசியில இப்படித்தானே ஆக்கிப் போட்டோம்னு இவர் தட்டைத் தள்ளி வெச்சிட்டார். "பொய் சொல்லாத, எனக்கு அந்த வியாதிதான். ஆபரேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இருக்கிற நாளாவது நிம்மதியா விடு"ன்னுட்டார். பச்சையம்மாள் திட்டிப் பார்த்தது, அழுது பார்த்தது. அழுகையைப் பார்த்ததும் இவருக்குச் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

மூணு மாசம் போச்சு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. நெஜம் தெரியாம மண்டையே வெடிச்சிடும் போல இருந்ததால, ஒருநாள் யாருக்கும் சொல்லாம ஆஸ்பத்திரிக்குப் போனார். பழைய டாக்டர் லீவு. கவிநிலான்னு புதுசா வந்த டாக்டரம்மா இருந்தாங்க.

"நான் வேடியப்பனோட தம்பிங்கம்மா. அவருக்குத் தெரிய வேணாம், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எவ்ளோ நாள் தாங்குவார்?"

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துட்டு நிமிர்ந்தாங்க. "யாருங்க சொன்னது அவர் சாவப்போறார்னு? இது புத்துநோயே இல்ல. வேற எடத்துக்குப் பரவாத கட்டி. ஆனா மெல்ல வளர்ந்து மூச்சுக்குழாயை அடைக்குது. முழுசா அடைச்சிட்டா, அதுக்குப் பின்னாடி இருக்கற நுரையீரல் சீழ் பிடிச்சுக் கெட்டுடும். எடுத்துட்டா அவர் நல்லா இருப்பார். இன்னும் ஏன் அவரைக் கூட்டிட்டு வரல?"

வேடியப்பன் ஆடிப்போயிட்டார். பதில் சொல்ல வாயைத் தொறந்தா இருமல்தான் வந்துது. டாக்டரம்மா எழுந்து வந்து முதுகுல ஸ்டெதஸ்கோப்பை வெச்சாங்க.

"வலப்பக்கம் மட்டும் இழுக்குது. தம்பியாங்க நீங்க?" ஸ்கேனை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தாங்க. "போய் அட்மிஷன் போடுங்க, வேடியப்பன்."

வெளியே வந்ததும் போன் போட்டார். "பச்சை, நீ சொன்னது நெஜந்தாம்மே! அது இல்லவே இல்லையாம்!"

அந்தப் பக்கம் ஒரு கேவல்.

"நெஜமாவாய்யா? நீ அவ்ளோ அடிச்சுப் பேசவும், டாக்டர் எனக்கும் சேர்த்துத்தான் பொய் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். மூணு மாசமா தாலியைக் கையில புடிச்சிக்கினுதான்யா படுக்கறேன்."