முருகன் அட்டை போட்ட மூன்று புத்தகங்கள்

எனக்குப் பதின்மூன்று வயதானபோது எங்கள் வீட்டில் மூன்று புத்தகங்களுக்குப் பழனி முருகன் படத்தை அட்டையாகப் போட்டிருந்தோம். அவற்றில் ஒன்றுதான் முருகன் பாட்டுப் புத்தகம். இன்னொன்று காதல் நாவல். மூன்றாவது, ஜெபத்தால் நோய் நீங்கியவர்களின் சாட்சிகள் அடங்கிய கிறிஸ்தவப் புத்தகம். காதல் நாவல் என்னுடையது. ஜெபப் புத்தகம் என் அத்தையுடையது.

கம்பத்துக்குப் பக்கத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். உரக்கடையில் தோட்டக்காரர்களுக்கு வருடா வருடம் காலண்டர் கொடுப்பார்கள். பெரியப்பா பெயருக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று, கேட்டு வாங்கியது ஒன்று என மூன்றிலும் ஒரே முருகன் சிரித்துக்கொண்டிருப்பார். வருடம் முடிந்தால் தேதித் தாளைக் கிழித்துப் போடலாம், சாமி படத்தைக் குப்பையில் போட முடியாது. அதனால் பெரியப்பாவின் பாட்டுப் புத்தகத்துக்கு ஒரு படத்தை அட்டையாகப் போட்டுக் கொடுத்தேன். பக்தியான பிள்ளை என்று பெரியப்பா தெருவெல்லாம் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. முருகன் அட்டை போட்ட புத்தகத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு முருகனும் அப்படித்தான் எங்கள் களவுக்குக் காவல் ஆனார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இருபத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தாள். பெரியம்மா இறந்த பிறகு பெரியப்பாவும் எங்களோடுதான் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தை அவர் எதிரில் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமைதோறும் அத்தை நூலும் லைனிங் துணியும் வாங்கக் கம்பத்துக்குப் போவாள். திரும்பி வரும்போது பையின் அடியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த வாடகைப் புத்தகக் கடையிலிருந்து எனக்காக எடுத்த நாவல் ஒன்று இருக்கும், அவளும் படிப்பாள். போன வார நாவலின் முருகன் அட்டையை அதற்கு மாற்றிவிடுவேன். எல்லாக் கதையிலும் நாயகிக்குப் பதினெட்டு வயது. முதல் அத்தியாயத்தில் அவளும் நாயகனும் முறைப்பார்கள், நடுவில் பிரிவார்கள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். ‘சூப்பர்’, ‘அழுதுவிட்டேன்’, ‘இவனுக்கு இவள் அதிகம்’ என்று யாரென்றே தெரியாத பெண்களின் கையெழுத்து வரிசையாக இருக்கும். எனக்குக் கதையைவிட அந்தப் பக்கம் பிடிக்கும். நானும் எழுதுவேன், கொஞ்சம் நீளமாகவே. ‘நாயகன் திமிர் பிடித்தவன். குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனதால் மன்னிக்கலாம்.’ ‘நாயகி பழியைத் தன் மேல் போட்டுக்கொண்ட இடத்தில் உடம்பு சிலிர்த்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.’

ஜெபப் புத்தகத்தைக் கொடுத்தது, மலையில் ஏலத்தோட்ட எஸ்டேட்டில் வேலை பார்த்தவரின் மனைவி. மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வந்து அத்தையிடம் துணி தைத்துக்கொண்டு போகும் நல்ல மனுஷி. அத்தை என்னவோ தலைவலி என்று சொல்லியிருக்கிறாள், அந்த அம்மாள் அடுத்த தடவை வரும்போது புத்தகத்தோடு வந்தார். அதற்கும் நான்தான் அட்டை போட்டேன். கையில் கிடைத்த எதையும் படிக்கிற பிள்ளை சும்மா இருக்குமா? அதையும் படித்தேன், நாவல் படிக்கிற மாதிரியே.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது நாவலைவிடப் பிடித்திருந்தது. ஒரு பெண்ணுக்கு நோய் வரும், முற்றும், எல்லாரும் கைவிடுவார்கள், அவள் விடிய விடிய அழுது ஜெபிப்பாள், கடைசியில் குணமாகிவிடும். முப்பது சாட்சியிலும் ஒன்றுகூட முடிவில் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு சாட்சிக்குப் பிறகும் ‘உங்கள் சாட்சியை இங்கே எழுதுங்கள்’ என்று நாலைந்து கோடுகள் விட்டிருந்தார்கள். அங்கேதான் அத்தையின் பென்சில் எழுத்தைப் பார்த்தேன்.

‘ஆடி வெள்ளி. இடது பக்கம் கட்டி. அரை இஞ்சு.’ சில பக்கங்கள் தள்ளி, ‘முக்கால் இஞ்சு. வலி இல்லை.’ அதற்கும் பின்னால், ‘ஒரு இஞ்சு. ஆண்டவரே.’

ஜாக்கெட் அளவெடுக்கிற டேப்பால் அத்தை தன் மார்பில் இருந்த கட்டியை அளந்து எழுதி வந்திருக்கிறாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனேன். அத்தை மெஷினை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஆத்தா, இத யார்ட்டயும் சொல்லிறாத. உங்கம்மாட்டயும் சொல்லாத. தேவதானப்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வர்றாகளாம். இது தெரிஞ்சா ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாக.”

“வலிக்குதா அத்தே?”

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நான் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். கரைஞ்சிரும்.”

சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எந்தச் சாமி என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அந்தப் புத்தகம்தான் முதல் வேலை. மெஷின் டிராயரில், லைனிங் துணிக்கு அடியில் என் நாவலோடு அது இருக்கும். எடுத்துப் புதிதாக எழுதியிருக்கிறாளா என்று பார்ப்பேன். ஒண்ணே கால் இஞ்சு வந்தது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரீட்சைப் பயம் என்று திருநீறு பூசிவிட்டாள். ஆனால் பயத்துக்கு நடுவிலேயும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நான் படித்த எந்தக் கதையிலும் நிலைமை மோசமாகாமல் கடைசி அத்தியாயம் வந்ததில்லை. கட்டி பெரிதாகிறது என்றால் முடிவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லவும் முடியாது. ‘மருத்துவரிடம் போங்கள், மருந்து சாப்பிடுங்கள், கூடவே ஜெபியுங்கள்’ என்று முன்னுரையில் தெளிவாக எழுதியிருந்தது. நாவல் படித்துப் பழகிய எங்கள் இருவருக்கும் முன்னுரை படிக்கும் வழக்கமில்லை. நானே அதைக் கல்லூரிக்குப் போன பிறகு வேறொரு பிரதியில்தான் பார்த்தேன்.

தேவதானப்பட்டிக்காரர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்னால் கிருத்திகை வந்தது. கிருத்திகை என்றால் பெரியப்பா நாள் முழுக்க விரதம். மத்தியானமே அம்மா சாமி அலமாரியைத் துடைத்து அடுக்கிவிடுவாள். சாயங்காலம் விளக்கேற்றி, சாமி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து ராகம் போட்டுப் பாடுவார், நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்க வேண்டும். அன்றைக்கும் நின்றோம். அம்மா கையில் கற்பூரத் தட்டு. அப்பா மருந்தடித்துவிட்டு வந்து அவசரமாகக் குளித்த ஈரத்தோடு நின்றார். அத்தை தூணில் சாய்ந்து நின்றாள். பெரியப்பா அலமாரியில் மேலாக இருந்த முருகன் அட்டைப் புத்தகத்தை எடுத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், நடுப்பக்கத்தைப் பிரித்துக் கணீரென்று ஆரம்பித்தார்.

“இயேசுவே, என் வியாதியை...”

பாதி ராகத்தில் நின்றுவிட்டார். காலையில் அந்தப் புத்தகத்தை நான் என் கையால் டிராயருக்குள் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். அது எப்படிச் சாமி அலமாரிக்கு வந்தது? முருகனே கோபப்பட்டுத் தூக்கி வைத்துவிட்டார் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

“இத யாரு இங்கன கொண்டாந்து வச்சது?” என்றார் பெரியப்பா. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

அவர் முதலில் முருகன் படத்தைப் பதமாகக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தார். எவ்வளவு கோபத்திலும் சாமி படத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவர். பிறகு பக்கங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, புத்தகத்தைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்தார்.

“என்னமோ பென்சில்ல கிறுக்கிருக்கு. இஞ்சு, இஞ்சுன்னு. என்னன்னு தெரியல.” புத்தகத்தை அம்மா பக்கம் நீட்டினார். “இந்தா, நீ படி.”

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு வரி படித்தால் எல்லாம் தெரிந்துவிடும், தேவதானப்பட்டிக்காரர்கள் வர மாட்டார்கள், அத்தையின் வாழ்க்கை போய்விடும். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து, “அண்ணே” என்றாள். குரல் அதற்கு மேல் வரவில்லை.

“அது என்னோடது பெரியப்பா” என்றேன். “பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை குடுத்துச்சு. அந்த எழுத்தும் நான் எழுதுனதுதான். அத்தைகிட்டத் தையல் பழகுறேன்ல, அளவு எழுதிப் பாத்தேன்.”

இவ்வளவு சுத்தமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. அம்மாவின் கை பாதியில் நின்றது. அவள் புத்தகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அப்பா வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவர் என்னை அதற்கு முன்பும் அடித்ததில்லை, பின்பும் அடித்ததில்லை. கன்னம் எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பெரியப்பா விடவில்லை. மெஷின் டிராயரைக் குடைந்து இன்னொரு முருகன் அட்டைப் புத்தகத்தையும் எடுத்துவிட்டார். அதையும் பிரித்தார். நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கிற இடம்தான் திறக்க வேண்டுமா?

“இதுவும் ஒன்னோடதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அது என்னோடதுண்ணே” என்றாள் அத்தை. இந்தத் தடவை குரல் வந்தது.

அதோடு பேச்சே மாறிவிட்டது. பொண்ணு பார்க்க வருகிற நேரத்தில், கல்யாணமாகாத பெண் இந்த மாதிரிப் புத்தகம் படித்தால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் பிறகு பேச்சு. அத்தை தலை குனிந்து நின்று என் நாவலுக்கான வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். ஜெபப் புத்தகத்தைப் பெரியப்பா கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. “எவன் சாமியா இருந்தாலும் நெருப்புல போட்டா பாவம்” என்று சொல்லி அப்பாவிடம் கொடுத்தார். அப்பா அப்போதே சைக்கிளில் போய் அதைக் கம்பத்தில் ஒரு சர்ச் வாசலில் வைத்துவிட்டு வந்தார். ஒண்ணே கால் இஞ்சு என்று எழுதிய பக்கம் அன்றைக்கே எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

தேவதானப்பட்டிக்காரர்கள் வந்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள், வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பங்குனியில் அத்தையால் இடது கையைத் தூக்கித் துணியைத் தள்ள முடியவில்லை. எண்ணெய் தேய்த்துவிடப் போன அம்மா பார்த்துவிட்டு அலறினாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று டாக்டர் கேட்டாராம். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். “ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு எனக்குத் தெரியலையே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றது. அடுத்த வருடம் வைகாசியில் அத்தை இறந்துபோனாள்.

கிருத்திகை அன்றைக்கு மத்தியானம் சாமி அலமாரியைத் துடைத்தது யார் என்று நான் கேட்டதே இல்லை. எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு, வேறு ஏதோ பேச்சில் அம்மாவே சொன்னாள். “அன்னைக்கு ஒங்கத்தை, ‘நீங்க போங்க மதினி, இன்னைக்கு அலமாரிய நான் அடுக்குறேன்’னு சொல்லுச்சு. ஒருநாளும் அப்படிச் சொல்ற பிள்ளை இல்ல.” அம்மாவுக்கு அது சாதாரணப் பேச்சு. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் எதிரில் உட்காராதவள், மார்பில் கட்டி என்று அவரிடம் எந்த வாயால் சொல்வாள்? என்னிடம் வாங்கிய சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கவும் தெரியாமல், எழுதியதை அப்படியே அவர் கையில் கிடைக்கும்படி வைத்திருக்கிறாள்.

அந்தக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அத்தை என்னைக் கூப்பிட்டாள். அப்பா அடித்த கன்னத்தை விரலால் தடவினாள்.

“ஏன் ஆத்தா அப்படிச் சொன்ன?”

“ஒங்களுக்காகத்தான் அத்தே.”

அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, “நல்ல பிள்ள, நேரமாச்சு, போ” என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள். அது நன்றிக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.