கை நனைத்த ஞாயிறு

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பருக்கையை வைத்து நசுக்குகிறார் அசரியா. விழுதாகப் போனால்தான் சோறு தட்டுக்கு வரும். முழுசாக நின்றால் பானை மறுபடியும் அடுப்பில் ஏறும். மனைவி ஹில்டா இதற்கெல்லாம் அலுத்துக்கொள்வதில்லை. பாசிப்பருப்புத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே காத்திருக்கிறாள்.

பெருங்குடலில் ஆறாத புண். மிளகாய், தேங்காய், தக்காளி விதை, கீரை எதுவும் ஆகாது. தோல் சீவிக் குழைய வேகவைத்த சுரைக்காயும் நீர்மோரும் ஆகும். தாம்பரத்திலிருந்து பூங்கா நிலையம் வரைக்கும் மின்சார ரயிலில் கக்கூஸ் கிடையாது. அதனால் அவருக்குக் காலைச் சாப்பாடும் கிடையாது. பாழாய்ப்போன வயிறு எந்த ஸ்டேஷனில் மானத்தை வாங்குமோ, யார் கண்டது? மத்தியானம் ஆபீஸில் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேஜை சம்பத் விடமாட்டான்.

"இன்னா சார், கொயந்தைக்குக் கட்டினத எடுத்துகினு வந்துட்டீங்களா?"

"நமக்கு இதான் சம்பத் பிரியாணி" என்று சிரித்துவைப்பார்.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். ரத்தமாகப் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா குடலை எடுக்கறதத் தவிர வழியில்ல" என்றார் டாக்டர். விஷயம் வெளியே கசிந்தது. மகள் பிரிசில்லாவைப் பார்த்துவிட்டுப் போன வரன், "அந்தச் சீக்கு பொண்ணுக்கும் வருமாமே" என்று கேட்டதோடு நின்றுபோனது. சீக்கு வந்ததைவிட அந்தக் கேள்விதான் அவரைப் படுக்கவைத்தது.

இப்போது பல்லாவரத்து வில்பிரட் வீட்டுச் சம்பந்தம். அவர்களுக்கு இந்த நோய் தெரியாது. பேச்செல்லாம் முடிந்தாயிற்று, இனி பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ்ஸில் போகும்போது ஹில்டா கெஞ்சினாள்.

"வயிறு சரியில்லன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா, வயித்துக்கு என்னன்னு கேப்பாங்க."

வில்பிரட் ஜெபம் பண்ணி முடித்தார். அவர் மனைவி ஆவி பறக்க மட்டன் பிரியாணி பரிமாறினாள். அசரியாவின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஒரு பருக்கையை நசுக்கப் போனது. எதிரே வில்பிரட் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நின்றது. கறித்துண்டோடு சேர்த்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். ஹில்டா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காரம் ஜாஸ்தியோ சம்பந்தி?" என்று கேட்டார் வில்பிரட்.

"சேச்சே, அளவா இருக்கு" என்றார் அசரியா. பிறகு, இன்னொரு கரண்டிக்காகத் தட்டை நீட்டினார்.