சாமி நின்ற வாசல்

எனக்கும் கடவுளுக்கும் பேச்சு நின்றுபோனபோது எனக்கு எட்டு வயது. சண்டை போட்டது அம்மாதான். வீட்டில் ஒருவர் போட்டால் எல்லோரும் போட்ட மாதிரி என்பதால் நானும் விபூதியைத் தொடாமல் வீறாப்பாக இருந்தேன். கணக்குப் பரீட்சை அன்று மட்டும் விதிவிலக்கு. அதுவும் பக்தியால் அல்ல, கணக்கில் என் திறமை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால்.

சண்டைக்குக் காரணம் என் தங்கை. நாலு வயது. முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்தெருவில் இருந்தோம். அவளுக்குக் காய்ச்சல் வந்து, உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. அப்பா ஷிப்டு முடிந்து வருவதற்குள் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி, பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அந்தத் தோள் வலுவினால் எங்கள் தெரு மாரியம்மன் பல்லக்குக்கு முன்தண்டு பிடிப்பவரும் அவர்தான். தங்கையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, படுத்திருந்தவளைக் கும்பிட்டார்.

"யக்கா, ஆத்தா வந்துருக்கா. டாக்டர் கீக்டர்னு தூக்கினு ஓடாத, அவளுக்கு ஆவாது. தானா எறங்கிடுவா."

அம்மை போட்டால் எங்கள் தெருவில் யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மனே விருந்தாளியாக வந்திருப்பதாகப் பேச்சு. வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது, டாக்டரும் வெளியாள்தான். விருந்தாளியின் தூக்கம் கெடக்கூடாதென்று நான் குதிகாலை ஊன்றாமல் நடந்தேன். தங்கைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அப்பா யார் பேச்சையும் கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்களாம். விருந்தாளி போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா மாரியம்மன் படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினாள். துக்கத்துக்கு வந்த மாமாவிடம், "உன் ஆத்தாளையும் கூட்டினு போயிடு, இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஆடியில் எங்கள் அம்மனுக்கு ஊர்வலம். பல்லக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். பெண்கள் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வந்தவர்களின் பாதத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். கதவு சாத்திய வீட்டில் நிற்க வேண்டியதில்லை. மாமா நின்றார். முன்தண்டு நகராவிட்டால் பின்னால் வருபவர்கள் நகர முடியாது. மேலே வீற்றிருப்பவளுக்கும் இதில் தனி அதிகாரம் கிடையாது.

"இன்னாபா இது, சாமி இன்னா டவுன் பஸ்ஸா? ஆளே இல்லாத ஸ்டாப்பிங்ல நிக்கிது!" என்றார் மேளக்காரர்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாதான் கோயில் தர்மகர்த்தா. அம்மனைக்கூட பிரெஞ்சில்தான் அதட்டுவார். "அலே! அலே! போங்கப்பா, நேரமாச்சு!"

"சித்த இருங்க. யக்கா வரும்" என்றார் மாமா.

அக்கா வரவில்லை. கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பல்லக்கு போனது.

அடுத்த ஆடியிலும் இதேதான். "உங்க வூட்டாண்ட வந்தா மட்டும் உங்க மாமனுக்குக் கால் ரிப்பேராயிடுதாடா?" என்று பையன்கள் கேட்டார்கள். வரும் வருஷமாவது மாமா நிற்காமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்தான். ஆனால் வேண்டிக்கொள்ள வேண்டியவளோடுதான் எங்களுக்குப் பேச்சில்லையே.

மூன்றாவது ஆடியில் மழையே இல்லை. தார் இளகிக் கிடந்தது. மாமா வந்து நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பாதத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக்கொண்டார், பிறகு மாற்றினார். தோள் நடுங்கியது. சொல்தா தாத்தா ஓய்ந்துபோய் அலே சொல்வதையும் விட்டுவிட்டார். கதவிடுக்கில் கண்ணை வைத்திருந்த அம்மா சட்டென்று உள்ளே போனாள். படுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். குடத்தோடு வந்து தாழ்ப்பாளை இழுத்தாள்.

மேளம் நின்றுவிட்டது. அம்மா நிமிர்ந்து அம்மனைப் பார்க்கவில்லை. குனிந்து, மாமாவின் பாதத்தில் குடம் காலியாகும்வரை மெதுவாக ஊற்றினாள்.

"யக்கா" என்றார் மாமா.

"நவுருடா. வெயில்ல நிக்காத" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்தாள். கதவைச் சாத்தவில்லை.

எனக்கு ஏமாற்றம். கற்பூரம் காட்டாத வீட்டுக்குக் கொழுக்கட்டை தரமாட்டார்கள்.

"சாமிக்கு ஒண்ணும் பண்ணாம மாமாவுக்கு மட்டும் ஊத்துனியே, ஏம்மா?"

"அவகிட்ட அப்பறம் பேசிக்கிறேன். இவன் கால் வெந்துபோச்சு."

அந்த 'அப்பறம்' வர இன்னும் சில வருஷம் ஆனது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது படம் எங்களைப் பார்த்து மாட்டியிருந்தது.

அன்று சாயங்காலம், குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே அம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "டாக்டரு வேணாம்னு அவன் சொன்னான், அவன் சொன்னான்னே இத்தினி நாளு இருந்துட்டேன். சரின்னு தலையாட்டுனவ நாந்தான?"

தம்பிக்காக அம்மா பெரிய மனசு பண்ணிப் பழியில் பங்கு கேட்கிறாள் என்றே எனக்குத் தோன்றியது. "நீ ஒண்ணும் பண்ணலம்மா. எல்லாம் மாமாதான்" என்று அவசரமாகச் சொன்னேன்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"போடா. போயி வெளாடு."

அம்மாவைத் தேற்றிவிட்ட திருப்தியோடு தெருவுக்கு ஓடினேன்.