பதினான்காவது நிமிடம்

என்னுடைய பட்டறை தாராவியில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது. சந்திலிருந்து நேராக ஏறும் இரும்பு ஏணிதான் படிக்கட்டு. பிடித்துக்கொள்ள ஒரு நைலான் கயிறு தொங்கும். மேலே ஏழு தையல் மெஷின்கள். பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறோம். பைகளின் முதுகுப் பக்கத்தில் வைத்துத் தைக்கும் ஃபோம் ஷீட்டுகளை அடுக்கிவைக்கப் பின்னால் ஓர் அறை உண்டு. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் முழங்கால் முட்ட உட்காரலாம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிடும். காற்றும் அடங்கிவிடும்.

அந்த அறையில்தான் என் பாட்காஸ்ட்டின் முதல் பகுதியைப் பதிவு செய்தோம்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நான் மும்பையில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பக்கங்களைக் குறைத்தார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், என்னையும் குறைத்தார்கள். மைத்துனர் நடத்திவந்த இந்தப் பட்டறையை எடுத்துக்கொண்டேன். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சில கடைக்காரர்கள் எங்கள் பைகளை வாங்கித் தங்கள் பெயரைத் தைத்து விற்கிறார்கள். எங்கள் பெயரிலேயே விற்க வேண்டும் என்பது எனக்கு இருந்த எண்ணம். ஒரு மே மாதம் தமிழில் நோட்டீஸ் அடித்து மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு வீடாகக் கொடுத்தேன். வாசகங்களை நானே எழுதி, மூன்று முறை திருத்தியிருந்தேன். ஒரு வீட்டில் முப்பது வயதுக்குள் இருந்த பெண் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு இதில் என்ன போட்டிருக்கிறது என்று என்னிடமே கேட்டார். கேட்டது அசல் திருநெல்வேலிப் பேச்சு. இங்கே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்து தெரியாது.

என் மகளும் அப்படித்தான். சயானில் பி.காம். படிக்கிறாள். தமிழில் பேசுவாள், சண்டை போடுவாள், வாசிக்க மாட்டாள். நோட்டீஸ் கதையைக் கேட்டுவிட்டு அவள்தான் சொன்னாள், படிக்காதவர்களுக்குக் காது இருக்கிறதே என்று.

மூன்று மாதம் திட்டமிட்டோம். வாரம் ஒரு பகுதி, இருபது நிமிடம். சந்தில் தொழில் செய்பவர் ஒருவர் தான் எப்படித் தொடங்கினார் என்று சொல்வார். கடைசி ஒரு நிமிடம் எங்கள் பைகளைப் பற்றி. அவள் சட்டைக் காலரில் மாட்டும் இரண்டு மைக் வாங்கினாள், பை ஒன்று வாய் திறந்து பேசுவதுபோல் அட்டைப்படம் வரைந்தாள். நான் கேள்விகளைக் காகிதத்தில் எழுதினேன். ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதுவது பழக்கம்.

முதல் விருந்தாளி யார் என்பதில் விவாதமே இல்லை. கீழே மாவு மில் நடத்தும் அண்ணாச்சி. எங்கள் பட்டறைக்கு வாடகை வாங்குபவரும் அவரே. அறுபதைத் தாண்டியவர். பேச ஆரம்பித்தால், அவரை நிறுத்த மில்லை ஓடவிட வேண்டும்.

இங்கே சந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சுவர்களில் சர்வேக்காரர்கள் எண் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடித்துக் கட்டப்போகிறார்கள். கீழ்வீட்டுக்கு ஒரு கணக்கு, மேல்மாடிக்கு வேறு கணக்கு. குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பு போட்ட மாடிக்குத்தான் மாற்று இடம். இங்கே யாரும் காகிதம் வைத்துக்கொண்டு மாடி போடவில்லை. அதனால் சந்துக்கென்று ஒரு வருடம் உண்டு. யார் முடிவு செய்தார்கள் என்று தெரியாது; எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் அதே வருடத்தைச் சொல்வார்கள். முதல் சர்வேயில் அண்ணாச்சி அதைச் சொன்னார். குடியிருப்பவன் என்ற முறையில் நானும் சொன்னேன். மாடி கணக்கில் வராவிட்டால் அவருக்கு மாடி போகும், எனக்கு மெஷின்கள் வைக்க இடம் போகும். இரண்டாவது முறை சரிபார்க்க வருவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பதிவு நடந்த அன்று தையல்காரர்களை டீ குடிக்க அனுப்பினேன். அண்ணாச்சி மில்லை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு மேலே வந்தார். கீழே கோதுமையோடு நின்ற பெண்கள் குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். மகள் கதவுக்கு வெளியே ஹெட்போனுடன் உட்கார்ந்தாள். உள்ளே நானும் அவரும் நான்கு பக்கமும் கறுப்பு ஃபோமும்.

நன்றாகப் பேசினார். முதல் மில்லை எட்டுப் பேர் தூக்கிவந்தது, அது ஓடிய முதல் நாள் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கண்ணாடி விழுந்தது எல்லாவற்றையும் சொன்னார். காலரில் மைக் இருப்பது இருவருக்குமே மறந்துவிட்டது. பிறகு மாடிக்கு வந்தார்.

"ரெண்டாவது மவ கல்யாணம் முடிஞ்சி கையில கொஞ்சம் மிஞ்சிச்சி வே. இரும்பு ஆங்கிள எல்லாம் நானே தோள்ல சொமந்தேன். இப்பம் நீரு உக்காந்திருக்கீரே, இந்த எடம் அப்பம் வெறும் தகரம்."

நான் கேட்டேன், "அது எந்த வருஷம் அண்ணாச்சி?"

கேட்டிருக்கக் கூடாது. எத்தனையோ நிருபர்களின் செய்தியை வருடம் இல்லை என்று திருப்பி அனுப்பியவன் நான். வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவரும் தயங்காமல் சொன்னார். சந்தின் வருடத்தை அல்ல, உண்மையான வருடத்தை. அந்த நான்கு இலக்கத்தை இங்கே எழுதப் போவதில்லை.

இருவரும் கவனிக்கவில்லை. அன்று மாலை பதிவைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. பதினான்காவது நிமிடத்தில் இருந்தது. பதறவில்லை. வெட்டிவிட்டால் முடிந்தது. கேள்விக் காகிதத்தை எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: 'பதினான்காவது நிமிடம். வருடம் பற்றிய கேள்வியும் பதிலும் நீக்கவும்.' இரண்டு கோடு இழுத்தேன். மகளின் லேப்டாப் மேல் வைத்தேன். பத்திரிகையில் அப்படித்தான். புரூஃபில் குறித்துக் கீழே அனுப்பினால் யாரோ திருத்திவிடுவார்கள். திருத்தினார்களா என்று நான் இறங்கிப்போய்ப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஜிப் வாங்க மஸ்ஜித் பந்தர் கிளம்பினேன். சயானில் ரயில் ஏறும்போது மகளிடமிருந்து ஆங்கில எழுத்தில் செய்தி வந்தது: அப்லோட் ஹோ கயா, ஏத்திட்டேன், கேளுங்க அப்பா. ஒரு கையால் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இயர்போனைச் செருகினேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. தாதரில் கூட்டம் ஏறி என்னை எதிர்க்கதவோடு ஒட்டியது. பரேல் தாண்டியபோது மில் ஓடிய முதல் நாள் கதை வந்தது. பிறகு இரும்பு ஆங்கிள் வந்தது. பிறகு என் குரல், எந்த வருஷம் அண்ணாச்சி என்று கேட்டது.

அடுத்த நிலையத்தில் இறங்க முடியவில்லை, அதற்கடுத்ததிலும் முடியவில்லை. கையைக் கீழே கொண்டுவந்து அவளை அழைக்கவே இரண்டு நிலையம் ஆனது. அவள் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. மஸ்ஜித் பந்தரில் இறங்கி நடைமேடையில் நின்று பதினொரு முறை அழைத்தேன். ஜிப் கடைக்குப் போனேன், மாதிரியைக் காட்டினேன், கறுப்புக்குப் பதில் பழுப்பு வாங்கி வந்தேன்.

மதிய இடைவேளையில் பேசினாள். காகிதத்தைப் பார்க்கவில்லையா என்றேன்.

"பார்த்தேனே. ஓரத்துல ரெட் இங்க்ல என்னமோ கிறுக்கியிருந்தீங்க. உங்க கேள்விக்கு நீங்களே நோட்ஸ் எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன்." அது உனக்கு எழுதிய திருத்தம் என்றேன். பிறகு சொன்னாள், "எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னுதானே அப்பா இதையே ஆரம்பிச்சோம்?"

உடனே அதை இணையத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். அதற்குள் அறுபத்தொரு பேர் கேட்டிருந்தார்கள் என்று எண் காட்டியது. மாலைக்குள் வருடத்தை வெட்டிவிட்டு மறுபடி ஏற்றினாள். வெட்டிய இடத்தில் ஒட்டு தெரியவில்லை, வேலையில் கெட்டிக்காரி. மூலத்தைப் போனிலிருந்தும் அழி என்றேன்.

"அவர் சொன்னது உண்மைதானே?"

"ஆமா. அதனாலதான்."

அண்ணாச்சியிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஏணியில் பாதி ஏறும்வரை நினைத்தேன். பிறகு இறங்கி மில்லுக்குள் போனேன். அவர் இமையெல்லாம் மாவோடு போனைக் காதில் வைத்துத் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். விக்ரோலியில் இருக்கும் மூத்த மகள் காலையிலேயே கேட்டுவிட்டு அழுதாளாம். மாமியார் வீட்டார் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாளாம். அனுப்பியது பாட்காஸ்ட்டின் லிங்க்கை அல்ல. அழகாக இருந்ததே என்று மாடி கட்டிய இடத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அந்தத் துண்டு சந்தின் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் மில்லை நிறுத்தினார். போனை இன்னொரு முறை காதில் வைத்து அந்த இடத்தைக் கேட்டார்.

"பேப்பர்க்காரன் புத்தி," என்றார். "சோறு வச்சா சாப்பிடணும். எந்த வயல்ல வெளஞ்சதுன்னு கேப்பீரோ?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொல்லவில்லை. அழிக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், அவள் பத்துப் பேருக்கு அதையும் சொல்வாள் என்றார். சரியான கணிப்பு. வெட்டுவதால் எதுவும் போகாது. ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வி ஒன்று கூடுதலாக வரும்.

பிறகு வந்த வாரங்களை என்னால் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்காஸ்ட்டைத் தொடங்கியவர்கள், கேட்டவர்களின் எண் ஏற வேண்டும் என்று பார்ப்பார்கள். எங்களுடையது ஏறியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் அது யார் என்று யோசித்தேன். செம்பூர்க் கடைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டுத் தன் பெயரைத் தைக்காமல் எங்கள் பெயரிலேயே நாற்பது பை கேட்டார். மூன்று வருடமாக நான் காத்திருந்த ஆர்டர். தைக்க உட்கார்ந்தவர்களைப் பார்த்தபடி, இந்த ஏழு மெஷினையும் இந்த ஏணி வழியாக எப்படி இறக்குவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது பகுதிக்காக ஃபோம் அறையில் உட்கார்ந்தோம். விருந்தாளி எதைச் சொல்லத் தொடங்கினாலும் அடுத்து வருடம் வருமோ என்று பயந்தேன். ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டேன்.

சர்வேக்காரர்கள் ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். மராத்தி பேசும் இளைஞர் ஒருவர், அவருடன் தமிழ் பேசவென்று சேர்த்திருந்த பெண் ஒருவர். கையில் டேப்லெட். ஏணியில் ஏறி வந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்து நின்றார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். மாவு மில் அண்ணாச்சி பேசினதுல கேள்வி கேட்டவர் நீங்கதானே சார்? எங்க அம்மா ரெண்டு தடவை போடச் சொன்னாங்க."

எதைக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. முழுவதையா, வெட்டியதையா, வாட்ஸ்அப்பில் வந்த துண்டையா? அண்ணாச்சி கயிற்றைப் பிடித்தபடி ஏணியின் உச்சியில் நின்றார். மேலே வரவும் இல்லை, இறங்கவும் இல்லை. இளைஞர் லேசர் கருவியால் நீளம் எடுத்தார். சிவப்புப் புள்ளி மெஷின்களின் மேல் போய் ஃபோம் அறைக் கதவில் நின்றது.

பெண் டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டார், "மாடி எந்த வருஷம் போட்டது?"

அண்ணாச்சி சந்தின் வருடத்தைச் சொன்னார். குரலில் பிசிறு இல்லை. ஃபோம் அறையில் பேசிய குரல் அல்ல அது.

அந்தப் பெண் எழுதவில்லை. என் பக்கம் திரும்பினார். முகத்தில் எனக்கு எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை.

"நீங்க சொல்லுங்க சார். அது சரிதானா?"

"சரிதான்," என்றேன். இருபத்திரண்டு வருடம் புரூஃப் பக்கத்தின் அடியில் எழுதிக் கையெழுத்திட்ட சொல்.

அவர் விரலால் ஏதோ தட்டினார். எத்தனை முறை தட்டினார் என்று எண்ண முயன்றேன். இளைஞர் கருவியை மடக்கினார். இறங்கும்போது அந்தப் பெண் அண்ணாச்சியிடம், அந்தக் கண்ணாடி விழுந்த கதை நன்றாக இருந்தது என்றார். அது எட்டாவது நிமிடத்தில் வருவது. முழுப் பதிவிலும் வெட்டியதிலும் இருப்பது, வாட்ஸ்அப் துண்டில் மட்டும் இல்லாதது.

எந்த மாடிகள் கணக்கில் வந்தன என்ற பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை.