வேலம்மா இருந்த விரதம்

குசினியிலிருந்து முட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. கோப்பையின் விளிம்பில் கரண்டி டக்டக்கென்று மோதியது. மகள் யோகராணி வேண்டுமென்றேதான் அவ்வளவு பலமாக அடிக்கிறாள். முன்னறைப் பாயில் சுருண்டு கிடந்த வேலம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தன முட்டைய ஒடச்சாலும் நான் திங்கப் போறதில்லடி," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

"நீ திங்காட்டி நானும் வயித்துப் புள்ளயும் தின்னுக்கிறோம். நீ இப்படியே கெடந்து சாமியாராப் போ."

வேலம்மாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுகிற காப்பு அது. கட்டிக்கொண்டால் கவிச்சி ஆகாது. விரதமிருந்தால் உடம்பு சுத்தமாகும். ஆனால் இப்போது திருவிழாவும் இல்லை, தேரும் இல்லை. அவளே மஞ்சள் தடவி, அவளே கட்டிக்கொண்ட கயிறு. மீன், முட்டையோடு பருப்பையும் கடலையையும் பால்மாவையும்கூட விட்டுவிட்டாள். இரண்டு மாதமாக வெறும் சோறும் ரசமும்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். தலையில் கம்பளியும் இடுப்பில் சாக்குப் படங்குமாகக் கொட்டும் மழையில் கொழுந்து பறித்தவள். அதே மழையில் நனைந்து நனைந்து, நெஞ்சுச் சளியிலே புருஷன் போய்ச் சேர்ந்தான். கைக்குழந்தையோடு உக்குவளைக்கு இறங்கி வந்து, மழைக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற கோட்டுகள். துணிக்கு மருந்தடிக்கும் அறையில் அவளுக்கு வேலை. முதல் நாள், மருந்தடித்த துணியில் தண்ணீர்ச் சொட்டு சேம்பிலையில் உருள்வதுபோல் உருண்டோடியதைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். இப்படி ஒரு துணி அந்த மனுசனுக்குக் கிடைத்திருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பாரே!

அந்த அறையிலேயே அவள் தலை நரைத்தது. இந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தொழிலாளர்களின் இரத்தத்தை எடுத்துப் போனார்கள். பிறகு ஒரு டொக்டர் வந்து, சாப்பாட்டு அறையில் நின்றபடி சிங்களத்தில் சொன்னார். தண்ணீரை ஓட வைக்கிற அந்த மருந்திலே ஃப்ளோரின் சேர்ந்த ஓர் இரசாயனம் இருக்கிறது. அது எளிதில் அழியாது. இரத்தத்திலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு வருடக்கணக்காக உடம்பிலேயே தங்கிவிடும். வேலம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது.

அதே வாரம் யோகராணியின் கிளினிக்கில் இன்னொரு செய்தி. நச்சுக்கொடி கீழே இருப்பதால் வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும். இரத்தம் தயாராக இருக்கட்டும். யோகராணிக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத இரத்தம். உறவில் அந்த இரத்தம் உள்ளவள் தாய் ஒருத்திதான்.

விஷம் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புரதத்தை விட்டால் விஷத்துக்குப் பிடி ஏது? சுத்தமான இரத்தத்தை மகளுக்குக் கொடுக்கலாம். அந்தத் தாய் மனது போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கதவு தட்டப்பட்டது. அன்றைக்கு இரத்தம் எடுத்த ஆய்வுகூடத்துப் பெண் றமீஸா, நனைந்த குடையோடு நின்றாள். யோகராணி போனில் அழுது வரவழைத்திருந்தாள்.

"என்னக்கா இது கோலம்?" றமீஸா பாயருகில் குந்தி, வேலம்மாவின் பாதத்தை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவேயில்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது.

"ஒங்க டொக்டர் சொன்னதத்தான் மிஸ் செஞ்சேன்."

"டொக்டர் பட்டினி கெடக்கவா சொன்னாரு? இரத்தோட்டை பஸ்ஸ நெனச்சுக்கோங்க. ஒங்கட ரத்தத்துல அல்புமின்னு ஒரு புரதம் ஓடுது. அதான் பஸ். கொழுப்பு ஏறிப் போறதுக்கு அதுல சீட் ஈக்கு. இந்தக் கெமிக்கல் கொழுப்பு மாதிரியே வேஷம் போட்டு அந்த சீட்டுல குந்திக்கிட்டு லேசுல எறங்காது. கிட்னி வடிகட்டினாலும் அல்புமின வெளிய விடாது. அதுல குந்தின கெமிக்கலும் அதோடயே சுத்தும்."

"அதான் நான் பஸ்ஸயே நிப்பாட்டினேன்."

றமீஸாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பஸ்ஸ நிப்பாட்டினா சீட்டுல குந்தினவன் ஊருக்கா போவான்? ஈரல்ல போய்க் குந்துவான். அல்புமின் கொறஞ்சா ரத்தத்துல தண்ணி நிக்காதுக்கா. அதான் கால்ல எறங்கி நிக்கிது."

"அப்ப என் ரத்தம் சுத்தமாகல. எடுக்க மாட்டீங்க."

"அந்தக் கெமிக்கலுக்காக ரத்த வங்கில யாரையும் திருப்பி அனுப்புறதில்ல. என் ரத்தத்துலயும் அது கொஞ்சம் ஈக்கும், ஒங்கட மகளுக்கும் ஈக்கும்." றமீஸா தலைகுனிந்தாள். "ஆனா இப்ப ஒங்கள அனுப்பிருவாங்க. ஒடம்புல ரத்தமே இல்லயே."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"அன்னைக்கே குடுத்திருக்கலாமா மிஸ்?"

றமீஸா மெல்லத் தலையசைத்து, மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தாள். மகளுக்காகக் கட்டிய கயிறு, மகளுக்குக் கொடுக்க வேண்டியதையே உறிஞ்சிவிட்டது.

"கண்டி ரத்த வங்கியில கேட்டு வெக்கிறேன்," என்றாள் றமீஸா. "சண்டையால கெடைக்கிற ரத்தமெல்லாம் வடக்குப் பக்கம் போவுது. ஒறுதியாச் சொல்ல ஏலாது. லொறி ஓட்டுற எங்கட ரவூப் நானாவுக்கும் அதே குரூப்தான். லொறியில போனவரு வந்தோண்ண சொல்றேன். நீங்க மொதல்ல சாப்பிடுங்க. புள்ள பொறந்தா தூக்குறதுக்குக் கையில பலம் வாணாமா?"

யோகராணி பொரித்த முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். வேலம்மா மணிக்கட்டை நீட்டினாள்.

"அறுத்து விடு."

"அம்மன் கோவிச்சுக்காதா?"

"நானாக் கட்டினது. அவளுக்கு எங்க தெரியப் போவுது."

கத்தி பட்டதும் கயிறு பாயில் விழுந்தது. றமீஸா எழுந்தாள். வெளியே மழை வலுத்திருந்தது. தொழிற்சாலையில் கொடுத்த, அதே மருந்தடித்த மழைக்கோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக் கொடுக்கச் சுவரைப் பிடித்து எழும்பிய வேலம்மா, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"கொடையிலயே போங்க மிஸ்."

"போய்ட்டு வாறேன்க்கா."

வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையின் திருப்பத்தில் குடை மறையும்வரை பார்த்து நின்றுவிட்டு, யோகராணி கதவைச் சாத்தினாள்.